வாடகை வேஷப்பெட்டி: ஒரே ஆள் நாலு வேஷம் கட்டினால் எதுவரை தாங்கும்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் நாடகத்துக்கு வேஷம் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். துணியை எடுங்கள், கிரீடத்தை எடுங்கள், வாளும் கதாயுதமும் எடுங்கள். முகத்தில் ஒட்டுவதையும் பூசுவதையும் மட்டும் கடையை நம்பி விடாதீர்கள். ஒரு நடிகருக்கு ஒரு வேஷம் என்றால் இந்தச் சேவை தாராளம். ஒரே நடிகர் ஒரு ராத்திரிக்குள் மூன்று நான்கு வேஷம் மாற்றிக் கட்டும் நாடகத்துக்குப் பாதிதான் உதவும்.

பல வேஷம் கட்டும் நடிகர் இந்த மண்ணுக்குப் புதியவர் இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பயின்றது, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில். பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழு, என்றாலே ஒரு பையன் ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்), பபூன், சேவகன் என்று எதற்கும் தயாராக இருக்க வேண்டும். அதே சபாவின் டி.கே.சண்முகம் கிழவி வேஷம் கட்டித்தான் அவ்வை சண்முகம் ஆனார். ஆனால் கம்பெனிக்குச் சொந்தப் பெட்டி உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. தனித்தனியாக அழைக்கப்பட்டு மேடையில் ஒன்றுசேரும் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகர்களும் தங்கள் உடுப்பையும் அரிதாரத்தையும் தாங்களே கொண்டுவந்து தாங்களே பூசிக்கொள்வார்கள். அம்மன் கொடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் நாடகம் போடுகிற நம்மூர் மன்றங்களுக்கு இரண்டும் கிடையாது. பத்துப் பேர் இருப்பார்கள், கதையில் இருபது வேஷம் இருக்கும். எதையும் கட்டத் தெரிந்த ஒருவர் தலையில்தான் நாலு வேஷம் விழும். (வில்லுப்பாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. ராஜாவும் பேயும் அம்மனும் அவர் குரலிலேயே வந்துபோவார்கள்.)

கடைகளின் பெரிய வியாபாரம் பள்ளி ஆண்டு விழாவும் மாறுவேடப் போட்டியும் கிறிஸ்துமஸ் குடிலும்தான். பெட்டியின் குணமும் அப்படியே அமைந்திருக்கிறது. முன்பக்கம் ஜிகினாவும் சரிகையும் மின்னும், பின்பக்கம் சாதாத் துணி. முதுகில் நாடா அல்லது ஜிப். போட்டோவுக்கு நிற்கவும் ஐந்து நிமிடம் ஆடவும் இது போதும். இரண்டரை மணி நேரம் வியர்த்து, குனிந்து, விழுந்து, முதுகைக் காட்டி நடக்கிறவருக்கு இது வேறு விஷயம். முதுகு ஜிப்பை ஒருவரால் தானே போட முடியாது. வியர்வையில் ஊறிய வெல்வெட்டில் ஜிப் பாதியில் சிக்கும். வேஷம் மாற்றும் நடிகருக்கு உடுப்பு கேட்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்: எந்தப் பக்கம் திறக்கிறது, எதனால் மூடுகிறது. முன்பக்கம் திறந்து, நாலே இடத்தில் பெரிய கொக்கி உள்ளதே நல்லது. வெல்க்ரோ வேகமானது, ஆனால் பிரிக்கும்போது வரும் கிழிசல் சத்தத்தைத் தொங்கும் மைக் பிடித்துவிடும். மேடைக்குப் பின்னால் செண்டை மேளம் ஒலிக்காத காட்சியில் வெல்க்ரோ வேண்டாம்.

இந்தக் குமரி மாவட்டத்தில் ஒரு வாடகைப் பெட்டியைச் சோதிக்க வேண்டுமானால் தேவசகாயம் நாடகத்தைவிட நல்ல தேர்வு இல்லை. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட கதை. 2022இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு இன்னும் அதிகமாக மேடையேறுகிறது. மார்த்தாண்டவர்மா, தளவாய், டிலனாய், பாதிரியார், சேவகர்கள், கொலைக்களப் படைவீரர்கள் என்று ஆள் கேட்கிற கதை. டிலனாயாக வருகிறவரே பாதிரியாராகவும் கடைசிக் காட்சியில் துப்பாக்கி தூக்கும் வீரராகவும் வருவது வழக்கமான கணக்கு.

கடையில் 'ராஜா செட்' கேட்டால் வருவது பழைய கம்பெனி நாடக ராஜா: மெரூன் வெல்வெட் கோட்டு, தோளில் குஞ்சம், உயரமான அட்டைக் கிரீடம். புராண ராஜாவுக்குச் சரி. 18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் அரசருக்கு வெல்வெட் கோட்டு எங்கிருந்து வந்தது? நல்ல கவணி முண்டும் (மெல்லிய கரை வேட்டி) சரிகை நேரியலும் (மேல்துண்டு) வீட்டிலேயே கிடைக்கும், அதுவே அரண்மனையைக் கொண்டுவந்துவிடும். கடையில் எடுக்க வேண்டியது கழுத்து மாலையும் வளையும் உடைவாளும் மட்டுமே. குடுமி இதைவிட மோசம். கடை டோப்பாக்களில் இருப்பது பின்குடுமி. நீலகண்டனுக்கு வேண்டியது முன்குடுமி. பின்குடுமி டோப்பாவைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அப்படிச் செய்தால் நெற்றி விளிம்பின் வலை தெரியும், காதோரம் இடைவெளி விழும். ஒரு மாதம் முன்பே சொன்னால் முன்குடுமி கட்டித்தரும் கடைகள் உண்டு. சொல்லாவிட்டால் கிடைக்காது.

டிலனாய்க்குக் கிடைப்பது பேண்டு வாத்தியக்காரர் கோட்டு. 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதியைக் கல்யாண ஊர்வலத்துக்குக் கிளாரினெட் வாசிக்க வந்தவர் மாதிரி நிறுத்துவது பார்வையாளருக்குச் சிரிப்பு, நடிகருக்குத் தண்டனை. தங்கப் பொத்தான் வரிசையைப் பிரித்துவிட்டு, முழங்கால் வரைக்கும் நீளமான கோட்டு, முழங்காலில் கட்டிய கால்சட்டை, வெள்ளைக் காலுறை, மூன்று மூலைத் தொப்பி என்று மாற்றினால் போதும். காலுறைக்குக் கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளக் காலுறை பொருந்தும். தொப்பி மட்டும் கடையில் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

விலங்குச் சங்கிலியை எல்லாக் கடையும் பிளாஸ்டிக்கில்தான் தருகிறது. எடை இல்லாததால் நடை பொய்யாகிவிடுகிறது. கையில் பிளாஸ்டிக், காலில் மட்டும் ஒரு முழம் நிஜ இரும்பு என்று கலந்து கட்டினால் நடை தானாக மாறும், சத்தமும் கிடைக்கும். கணுக்காலில் முதலில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோகும் காட்சிக்கான எருக்கம்பூ மாலையை எந்தச் சூழ்நிலையிலும் நிஜ எருக்கில் கட்டாதீர்கள். எருக்கம்பால் தோலை எரிக்கும். வியர்வையோடு கண்ணுக்குப் போனால் கருவிழியைப் புண்ணாக்கும். நாடகம் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஊதா விளிம்பு வைத்த வெள்ளைத் துணிப்பூவோ பஞ்சு ஷீட்டில் வெட்டிய பூவோ பத்தடி தூரத்தில் எருக்காகவே தெரியும்.

பாதிரியார் அங்கி விஷயத்தில் கடைகளுக்கு முழு மதிப்பெண். தொளதொளவென்று, தலைவழியாக இறங்கும் அங்கிகள் எல்லா அளவிலும் இருக்கின்றன. வேஷம் மாற்றுகிறவருக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை. டிலனாய் கோட்டைக் கழற்றி, பாதிரியாருக்கு அடுத்த வேஷமான படைவீரர் கால்சட்டையை உள்ளே போட்டு, மேலே அங்கி. பாதிரியார் காட்சி முடிந்ததும் அங்கியை உருவினால் வீரர் பாதி தயார். உள்ளே அடுத்த வேஷத்தைக் கட்டிக்கொள்ளும் இந்த முறைக்கு ஒரே எதிரி வெயில்காலம். பங்குனி, சித்திரையில் இரண்டு அடுக்குத் துணிக்குள் நடிகர் மயங்கி விழக்கூடும். உள்ளடுக்கு பருத்தியாக இருக்கட்டும், பாலியஸ்டர் வேண்டாம். ஓரத்தில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு எப்போதும் இருக்கட்டும்.

பஞ்சகச்சத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் தைத்த பஞ்சகச்சம் கேட்டு வாங்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் இருக்கும், 10 நொடியில் ஏறும். நிஜமாகவே கட்டுவதென்றால் ஒன்பது ஐந்து வேட்டி (ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும்) வேண்டும், பெருத்த உடம்புக்குப் பத்து ஆறு. எட்டு முழத்தில் கட்டினால் பின்கச்சம் உட்காரும்போதே உருவும்.

இனி முகம். கடைகள் கூடவே அனுப்பும் பூச்சு இரண்டு வகை. மலிவானது துத்தநாக வெள்ளைப் பொடியும் நிறப்பொடியும் எண்ணெயில் குழைத்தது. கொஞ்சம் செலவு செய்யும் கடையில் கேக் (ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசும் கட்டிப் பூச்சு) அல்லது ஸ்டிக் (குச்சி வடிவப் பூச்சு). பொடியும் எண்ணெயும் அந்தக் காலத்து மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கு ஏற்றவை. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் சாம்பல் பூத்து, பிணக்களை தட்டும். கடைக்காரர் அறைக்குள் டியூப் லைட்டில் காட்டி "எல்லாம் செரியா இருக்கும் அண்ணாச்சி" என்பார். மேடை விளக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு வெளிச்சத்தில் உதட்டுச் சிவப்பு காணாமல் போகும். பச்சையிலும் நீலத்திலும் கன்னச் சிவப்பு கறுத்து, குழி விழுந்த முகம் போலாகும். பேய்க்காட்சிக்கு நீலம் போடுகிற லைட்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் கதாநாயகியும் பேயாகிவிடுவார்.

நம் கடற்கரையோர ஈரக்காற்றில் எண்ணெய்ப் பூச்சு வழியும், கேக் திட்டுத்திட்டாக விரியும். தாங்குவது ஸ்டிக், அதுவும் ஒழுங்காகப் போட்டால். சவரம் செய்து, முகம் கழுவி, முழுதாக உலரவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இரண்டு சொட்டுக்கு மேல் போகக் கூடாது. எண்ணெய் மிஞ்சினால் மேலே போடும் எதுவும் நிற்காது. ஸ்டிக்கை நெற்றி, கன்னம், மூக்கு, தாடையில் கோடாகத் தொட்டு, ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கோடு தெரியும். கழுத்தையும் காதையும் மறந்துவிடுகிறார்கள். முகம் ஒரு நிறமும் காது ஒரு நிறமுமாக நிற்பது வாடகை மேக்கப்பின் கையெழுத்து. பிறகு பவுடரைப் பஃபால் அழுத்தி, ஒரு நிமிடம் விட்டு, உதிர்வதைப் பிரஷ்ஷால் தட்டவும். வியர்த்தால் துடைக்காமல் ஒற்றி எடுத்து மறுபடி பவுடர். கிரையோலான் போன்ற 25 கிராம் ஸ்டிக் ஒன்று வாங்க வாடகையோடு ஒப்பிட்டால் விலைதான், ஆனால் மெல்லப் போட்டால் பல நாடகத்துக்கு வரும். அதைவிட முக்கியம், வேறு யார் முகத்தில் பட்ட ஸ்பாஞ்ச் என்று யோசிக்க வேண்டாம். கடை ஸ்பாஞ்சில் போன நாடகத்து மீசை மயிர் ஒட்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பாஞ்சும் பஃபும் ஆளுக்கு ஒன்று சொந்தமாக வேண்டும்.

அதிகம் புகார் வருவது தாடியில். தாடி ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் என்பது சாராய வகை ஸ்பிரிட்டில் கரைத்த பிசின்தான். மூடி சரியாக மூடாத பாட்டிலில் ஸ்பிரிட் ஆவியாகி, பசை பாகாகத் தடித்துவிடும். கடைகளில் அதை மறுபடி ஸ்பிரிட் ஊற்றி நீர்க்க வைப்பார்கள். அளவு கூடினால் பிடிப்பு போகும். பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். தேன் போல மெல்ல இறங்கினால் நல்லது, தண்ணீராக ஓடினால் வேண்டாம். ஒட்டும் இடத்தில் பூச்சும் பவுடரும் இருக்கக் கூடாது. மெல்லத் தடவி, விரல் நுனியால் தட்டி, நூல் இழுக்கும் பதம் வரும்வரை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்து, அப்புறம் தாடியை வைத்து ஈரத்துணியால் அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரப்பசை மீதே வைத்தால் ஒட்டாது. அடியில் வியர்வை கோத்தால் பசை வெளுத்து, தாடி ஓரம் முழுக்க வெள்ளைக்கோடு விழும். இதுதான் முட்டம், மணக்குடி பக்கத்து மேடைகளில் இடைவேளைக்குப் பிறகு எல்லோர் தாடியிலும் தெரிவது. புதிதாக ஒட்டுகிறவர் முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தடவி, தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பூசைச் சூடமும் பீடியும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

காதில் மாட்டும் எலாஸ்டிக் தாடியைக் கடைகள் அள்ளித் தருகின்றன. வேஷம் மாற்ற அதுதான் வேகம், ஆனால் பேசும்போது வாய் ஒரு பக்கமும் தாடி ஒரு பக்கமுமாக அசையும். கீழுதட்டுக்கு அடியில் ஒரே ஒரு இடத்தில் பசை தொட்டு ஒட்டினால் அசைவு நின்றுவிடும், கழற்றவும் சிரமம் இல்லை. வெள்ளை எலாஸ்டிக்கைப் பேனா மையால் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். மீசை ஒரே துண்டாக இருந்தால் 'ப', 'ம' சொல்லும்போதெல்லாம் நடுவில் தூக்கும். மூக்குக்கு நேர் கீழே வெட்டி இரண்டாக ஒட்டினால் பிரச்சினை இல்லை. வாடகை மீசையை வெட்டக் கடை விடாது, அதனால்தான் மீசை சொந்தமாக வாங்குங்கள் என்கிறோம். கழற்றும்போது தேங்காய் எண்ணெயில் ஊறிய பஞ்சை ஓரத்திலிருந்து உள்ளே செலுத்திக் கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தோல் கொப்பளிக்கும், வேண்டவே வேண்டாம்.

வேஷ வரிசைக்கு ஒரு விதி உண்டு: சேர்ப்பது சுலபம், நீக்குவது கஷ்டம். இளைஞர் முதலில், தாடிக்காரர் அடுத்து, கிழவர் கடைசியில் என்று வேஷத்தைப் பங்கிட்டால் ஒரே முகத்தின் மேல் கோடும் நரையும் ஏறிக்கொண்டே போகும். கதை தலைகீழாகப் போனால் அந்த இரண்டு வேஷத்தை ஒரே நடிகருக்குக் கொடுக்காமல் இருப்பதே புத்தி. நரைக்கு முகப்பவுடர் கொட்டினால் கறுப்புக் கோட்டின் தோளில் உதிர்ந்து கிடக்கும். வெள்ளை ஸ்டிக்கைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுக் காதோரம் மட்டும் இழுத்தாலே வயது ஏறிவிடும். துணி மட்டும் மாற்ற ஒன்றரை நிமிடம், டோப்பாவும் சேர்ந்தால் மூன்று, பசைத் தாடியும் சேர்ந்தால் குறைந்தது ஐந்து. இடையில் வரும் காட்சி இதைவிடச் சின்னது என்றால் ஒரு பாட்டோ பபூன் காட்சியோ நுழைக்க வேண்டியதுதான். பழைய நாடகங்களில் பபூன் அடிக்கடி வந்துபோனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கும். திருவட்டாறு கோயிலில் கதகளி பார்த்தவர்களுக்குத் தெரியும், சுட்டி (தாடையோரம் வைக்கும் வெள்ளை விளிம்பு) வைத்து எழுதும் முகம் மணிக்கணக்கில் முடிவது. அந்த வேஷக்காரரிடம் இடையில் சேவகனாகவும் வந்துபோ என்று யாரும் கேட்பதில்லை.

கடையில் கிடைக்கவே கிடைக்காத வேஷம் ஒன்று உண்டு: சாதாரண மனிதன். ராவணன் இருக்கிறான், சம்மனசு (தேவதூதர்) இறக்கையோடு இருக்கிறது, போலீஸ் இருக்கிறார். பனையேறி இல்லை, மீன்காரி இல்லை, ரப்பர் வெட்டும் தொழிலாளி இல்லை. கேட்டால் புத்தம்புதுக் கைலியும் கட்டம்போட்ட துண்டும் எடுத்துத் தருவார்கள். மடிப்பு விழுந்த புதுக்கைலியில் பனையேறி நின்றால் இந்த ஊரில் முதல் வரிசைப் பாட்டியே சிரிப்பார். பனையேறும் சாமான்களான முருக்குத்தடியும் தளைநாரும் அரிவாள்பெட்டியும் தெரிந்தவர் வீட்டில் இரவல் கேட்டால் கிடைக்கும். நல்ல நடிகரின் பெயர் நிற்பது இப்படிப்பட்ட வேஷங்களில்தான். ராவணனுக்குப் பத்துத் தலை உதவும், பனையேறிக்கு நடிகரின் முழங்கால்தான் உதவ வேண்டும்.

கடையோடு வரும் மேக்கப்மேன் பற்றி. சாதாரண முகத்துக்கு 10 முதல் 15 நிமிடம், தாடி முகத்துக்கு அரை மணி. பன்னிரண்டு நடிகர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம். ஒன்பது மணி நாடகத்துக்கு அவர் ஆறு மணிக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஒத்துக்கொண்ட மேக்கப்மேன் எட்டு மணிக்கு வந்து எல்லோருக்கும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டு, முதல் காட்சி முடியுமுன் பைக்கை எடுப்பார். பல வேஷ நடிகருக்கு அவர் தேவைப்படுவதே இரண்டாம் காட்சிக்குப் பிறகுதான். "கடைசித் திரை விழும்வரை இருப்பார்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், மீதிப் பணத்தை அப்போது கொடுங்கள். நல்ல மேக்கப்மேனை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: யார் யார் எத்தனை வேஷம் என்று அவராகவே கேட்கிறாரா? கேட்பவர் கிடைத்தால் கடை கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம்.

டோப்பாவை எடுக்குமுன் உள்ளே திருப்பி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் அன்று முழுக்க அதுதான். தலைச்சுற்றளவை நெற்றியிலிருந்து காதுக்கு மேலாகச் சுற்றி அளந்து கொண்டுபோங்கள். பெரும்பாலான ஆண்களுக்கு 22 அங்குலத்தையொட்டி இருக்கும், கடை டோப்பா பலதும் ஓர் அங்குலம் குறைவாகவே வருகிறது. உள்ளே மெல்லிய துணித்தொப்பி போட்டுக்கொண்டால் பேனும் சொறியும் எளிதில் ஒட்டாது. கிரீடம் பெரிதாக இருந்தால் உள்ளே பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். வணங்கக் குனியும்போது உருண்டு ஓடும் கிரீடத்தை எந்த வசனத்தாலும் காப்பாற்ற முடியாது.

வாடகைக் கணக்கில் 'ஒரு ராத்திரி' எப்போது முடிகிறது என்று கேட்டு வையுங்கள். மறுநாள் காலை பத்து மணி என்று ஒரு கடையும் மதியம் என்று ஒரு கடையும் சொல்லும். ஒத்திகைக்குத் தனி வாடகை கேட்பார்கள். உடுப்பு முழுவதற்கும் கொடுக்க வேண்டாம், மாற்றும் வேஷங்களுக்கு மட்டும் ஒரு மாலை எடுத்துப் பழகினாலே போதும். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் விரித்து மொபைலில் படம் பிடித்து, பட்டியல் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உதிர்ந்த கல், கிழிந்த சரிகை, பழைய ரத்தக்கறை எல்லாம் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் கணக்கில் ஏறும். நாடக ரத்தத்தை வாடகைத் துணியில் தெறிக்க விடாதீர்கள். உணவுச் சாயம் வெல்வெட்டிலிருந்து போகாது. சுடப்படும் காட்சிக்குச் சொந்தப் பழைய வேட்டியே சிறந்தது.

கொடைக்காலத்திலும் டிசம்பரிலும் நல்ல உடுப்பு முதலில் கேட்டவருக்குப் போய்விடும். கடைசி வாரத்தில் போகிறவருக்கு மிஞ்சுவது சிறுவர் அளவும் ஜிப் போனதும். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாக்கள் மோதும். தேதி குறித்ததுமே முன்பணம் கொடுத்து, எந்தக் கோட்டு, எந்த டோப்பா என்று துணியில் பெயர்ச்சீட்டு குத்திவிட்டு வருவது நல்லது. 'அதே மாதிரி வேறொன்று' என்ற பதில் அப்போதுதான் வராது.